சக்தித் தொழில்நுட்பத்தில் கலாநிதி ஆய்வு: எமது மாணவர்களுக்கான வழிகளும் நிதியும்

1993 இல் நான் உயர்தரம் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையுமளவு மண்ணெண்ணெய், நடுவே ஒரு சிறு திரி. இரவு எட்டு மணிக்குக் கொளுத்தினால் பத்தரைக்கு அம்மா வந்து ஊதி அணைத்துவிடுவார். மண்ணெண்ணெய் அடுத்த நாளுக்கும் வேண்டும். பொருளாதாரத் தடையில் பற்றறிக்கும் இடமிருக்கவில்லை. தமிழோசை கேட்பதென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்னில் வானொலி பாடும். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் களைக்கும். தீர்ந்துபோன பற்றறியில் துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்த பெடியன்கள் எங்கள் ஒழுங்கையில் ஐந்தாறு பேராவது இருந்தோம்.

அந்த உப்புத் தண்ணீர் ஏன் சில நிமிடங்களுக்கு வேலை செய்தது என்பதை நான் விளங்கிக்கொண்டது பல ஆண்டுகளுக்குப் பிறகு, நோர்வேயில் ஓர் ஆய்வுகூடத்தில். சூரியக் கலங்கள் பற்றிய ஆய்வுக்குக் கலாநிதிப் பட்டம் பெற்று, அதே துறையில் தொடர்ந்து வேலை செய்துவருகிறேன். ஒவ்வொரு வாரமும் ஊரிலிருந்து இரண்டு மூன்று மாணவர்களாவது எனக்கு எழுதுகிறார்கள். “சேர், பிஎச்டி செய்ய விருப்பம். காசு இல்லை. என்ன வழி?” என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். தனித்தனியே எழுதிய பதில்களை ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். கட்டுரையில் உள்ள தொகைகளும் விதிகளும் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை. விண்ணப்பிக்குமுன் உரிய நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துறை ஏன்?

யாழ். குடாநாடு 1990 இல் தேசிய மின்கட்டமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு, 2013 இல்தான் கிளிநொச்சி - சுன்னாகம் உயர் அழுத்தப் பாதை ஊடாக மீண்டும் இணைந்தது. இடைப்பட்ட காலத்தில் கிடைத்த மின்சாரம் டீசல் மின்பிறப்பாக்கிகளிலிருந்து வந்தது. அதன் கழிவெண்ணெய் சுன்னாகத்துக் கிணறுகளில் கலந்த கதையை எம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வழக்கில் நட்டஈடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. சம்பூரில் இடம்பெயர்க்கப்பட்ட மக்களின் நிலத்தில் திட்டமிடப்பட்டிருந்த அனல்மின் நிலையம் 2016 இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவோற் சூரிய மின் நிலையத்துக்கான பணிகள் 2025 ஏப்ரலில் ஆரம்பித்துவைக்கப்பட்டன. மன்னாரில் 30 காற்றாலைகள் 103.5 மெகாவோற் கொள்ளளவுடன் சுழல்கின்றன. அங்கே மேலும் காற்றாலைகள் வருவதை எதிர்த்து மக்கள் வீதியில் இறங்கினார்கள்.

நாட்டின் மின்சாரத்தில் 70 வீதத்தை 2030 இல் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதென்பது அரசின் இலக்கு. அதற்கான காற்றும் வெயிலும் தரிசு நிலமும் அதிகம் இருப்பது வடக்கிலும் கிழக்கிலும். எங்கே காற்றாலை நடுவது, பறவைகளின் வழி எது, நிலத்தடி நீருக்கு என்ன ஆகும், மீனவருக்கு என்ன இழப்பு என்ற கேள்விகளுக்கு ஆய்வறிக்கை எழுதுபவர்களில் எத்தனை பேர் அந்த ஊரை அறிந்தவர்கள்? எமது பிள்ளைகள் இந்தத் துறையில் கலாநிதிகளாக வேண்டும் என்று நான் சொல்வதற்குச் சம்பளம் மட்டும் காரணமல்ல.

எதில் ஆய்வு செய்யலாம்?

சக்தித் தொழில்நுட்பம் என்றதும் மின்பொறியியல் மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். பௌதிகவியல், இரசாயனவியல், பொருளியல், கணினி விஞ்ஞானம், புவியியல், சமூகவியல் படித்தவர்களுக்கும் இதில் இடமிருக்கிறது. முக்கியமான பிரிவுகள் இவை.

சூரியக் கலங்கள்: பெரொவ்ஸ்கைற் என்ற பளிங்கு அமைப்புடைய பொருட்களை யப்பானில் மியாசாகாவின் குழு 2009 இல் முதன்முதலாகச் சூரியக் கலத்தில் பயன்படுத்தியபோது வினைத்திறன் 3.8 வீதம். இன்று அதைச் சிலிக்கனுக்கு மேல் அடுக்கிச் செய்யும் கலங்கள் ஆய்வுகூடத்தில் 34 வீதத்தைக் கடந்துவிட்டன. ஆனால் ஈரப்பதனும் வெப்பமும் இந்தப் பொருளைச் சிதைக்கின்றன. ஈயம் கலந்திருப்பது இன்னொரு சிக்கல். ஐரோப்பிய ஆய்வுகூடங்கள் செயற்கையாக உருவாக்கிச் சோதிக்கும் ஈரமும் வெக்கையும் யாழ்ப்பாணத்தில் வீட்டுக் கூரையிலேயே இருக்கின்றன. சாயமூட்டிய கலங்களிலும் பெரொவ்ஸ்கைற் கலங்களிலும் பயன்படும் தைத்தானியம் ஈரொட்சைட்டின் மூலப்பொருளான இல்மனைற்று, புல்மோட்டைக் கடற்கரை மணலில் இருக்கிறது.

மின்கலங்கள்: லித்தியம் அயன் மின்கலத்தை உருவாக்கியமைக்காக குடினஃப், விற்றிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இப்போது லித்தியத்துக்குப் பதிலாகச் சோடியத்தைப் பயன்படுத்தும் ஆய்வுகளுக்கு உலகெங்கும் நிதி போகிறது. இலங்கையின் காரீயம் உலகப் புகழ் பெற்றது. மின்கலத்தின் எதிர்மின்வாய்க்குக் காரீயம் அடிப்படைப் பொருள்.

ஐதரசன்: நீரை மின்னால் பிரித்து ஒரு கிலோ ஐதரசன் பெற இன்றைய கருவிகளுக்கு ஏறத்தாழ 50 கிலோவோற் மணி மின்சாரம் வேண்டும். இதைக் குறைப்பதும், இரிடியம் போன்ற அரிய உலோகங்கள் இல்லாத ஊக்கிகளைக் கண்டுபிடிப்பதும் இத்துறையின் பெரிய வேலைகள்.

மின்கட்டமைப்பு: 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முழு நாடும் இருளில் மூழ்கியதும், அந்த ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது கூரைச் சூரியப் படல்களை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டதும் நினைவிருக்கும். தேவை குறைந்த நாளில் சூரிய மின் அதிகமாகும்போது கட்டமைப்பின் அதிர்வெண்ணை எப்படி நிலையாக வைத்திருப்பது என்பது உலகம் முழுவதும் ஆராயப்படும் கேள்வி. தீவுகளுக்கான சிறு மின்வலையமைப்புகளும் இதற்குள் அடங்கும். எழுவைதீவில் காற்று, சூரியன், டீசல், மின்கலம் ஆகியவற்றை இணைத்த அமைப்பு ஏற்கனவே இருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கும் இந்திய உதவியுடன் திட்டம் உண்டு.

சமூகமும் கொள்கையும்: திட்டத்துக்கு நிலம் இழப்பவர் யார், மின்கட்டணம் யாரை அழுத்துகிறது, மீள்குடியேறிய கிராமத்தில் பெண் தலைமைக் குடும்பம் எதை எரித்துச் சமைக்கிறது என்பவையும் கலாநிதி ஆய்வுக்குரிய விடயங்களே. கலைப்பீட மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பணம் எப்படி வருகிறது?

இதை விளங்கிக்கொள்ளாமல் பலர் ஆண்டுகளை வீணாக்குகிறார்கள். கலாநிதி ஆய்வுக்குப் பெரும்பாலும் நான்கு வழிகளில் நிதி வருகிறது. ஒன்று, வேலை. பல்கலைக்கழகம் உங்களை ஊழியராக நியமித்துச் சம்பளம் தருகிறது. இரண்டு, புலமைப்பரிசில். அரசோ அறக்கட்டளையோ மாதப்படி தருகிறது. மூன்று, பேராசிரியரின் ஆய்வு மானியம். அவர் பெற்ற நிதியிலிருந்து உங்களுக்குப் படி தரப்படுகிறது. நான்கு, இரு நாட்டு ஒத்துழைப்புத் திட்டம். ஊரிலுள்ள பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்து சில மாதங்கள் வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் வேலை செய்வது. சொந்தக் காசில் கலாநிதி ஆய்வு செய்வது ஐந்தாவது வழி. காணியை ஈடுவைத்து அதைச் செய்யுமாறு நான் எவருக்கும் சொல்லமாட்டேன்.

நாடுகள்

நோர்வே: கலாநிதி மாணவர் இங்கே ஊழியர். மூன்று ஆண்டு ஒப்பந்தம், அல்லது நான்கில் ஒரு பங்கு நேரம் கற்பித்தலுடன் நான்கு ஆண்டுகள். சம்பளம் ஆண்டுக்கு 5 இலட்சம் குரோனருக்கு மேல். வரி, ஓய்வூதியப் பங்கு கழிக்கப்படும். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு 2023 இலையுதிர் காலத்திலிருந்து இளமாணி, முதுமாணிக் கற்கைகளுக்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. கலாநிதிப் பதவிகளை அது பாதிக்கவில்லை. பதவிகள் யொப்நோர்கே என்ற தளத்தில் விளம்பரமாகின்றன. துரொன்ட்ஹைமில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் பேர்கனில் உள்ள மேற்கு நோர்வே பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகமும் கவனிக்க வேண்டியவை.

சுவீடன், டென்மார்க், பின்லாந்து, நெதர்லாந்து: இவற்றிலும் பெரும்பாலும் ஊழிய ஒப்பந்தமே. சுவீடனில் நான்கு ஆண்டு முழுநேர ஆய்வு. கற்பித்தலும் சேர்ந்தால் ஐந்து ஆண்டு வரை போகும். டென்மார்க்கில் மூன்று, நெதர்லாந்தில் நான்கு. கட்டணம் இல்லை. இந்நாடுகளில் பொதுவாக முதுமாணிப் பட்டம் கட்டாயம்.

ஜேர்மனி: இங்கே பல வழிகள் உண்டு. பல்கலைக்கழகங்களும் ஹெல்ம்ஹோல்ட்ஸ், பிரவுன்ஹோபர், மக்ஸ் பிளாங் நிறுவனங்களும் ஆய்வாளர்களை அரச சம்பளத் திட்டத்தின் 13 ஆம் தரத்தில், பாதி முதல் முழு நேரம் வரையான ஒப்பந்தத்தில் எடுக்கின்றன. யூலிஹ், கார்ல்ஸ்ரூஹ, பேர்லின் ஆய்வு நிலையங்கள் மின்கலத்துக்கும் சூரியக் கலத்துக்கும் பெயர்பெற்றவை. மற்ற வழி டாட் எனப்படும் ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் புலமைப்பரிசில். கலாநிதி மாணவருக்கு மாதம் 1,300 யூரோவுக்குக் குறையாது. ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள்: கடைசிப் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேலாகியிருக்கக் கூடாது என்பது பொதுவான விதி. பட்டம் பெற்றபின் குடும்பத்துக்காக எட்டு ஆண்டு வேலை செய்தவர்கள் இங்கே தடுக்கப்படுகிறார்கள். அவர்களுக்கு ஊழிய ஒப்பந்தமே ஏற்ற வழி. அதில் அப்படியான பொது விதி இல்லை.

மேரி கியூரி கலாநிதி வலையமைப்புகள்: ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். சம்பளத்துடன் இடம்பெயர்வுப் படியும், குடும்பம் உள்ளவருக்குக் குடும்பப் படியும் உண்டு. வேலை பெறும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. ஆனால் ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் அகதி நிலை கோரிய நடைமுறைக் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஐரோப்பாவில் தஞ்சம் கோரி வந்து படிப்பை விட்டிருக்கும் எம்மவர்களில் பலருக்கு இது தெரியாது. யூராக்செஸ் என்ற தளத்தில் இப்பதவிகள் வெளியாகும்.

பிரித்தானியா: ஆய்வுச் சபைகளின் மாதப்படி 2025-26 கல்வியாண்டில் ஆண்டுக்கு 20,780 பவுண்கள். வருமான வரி இல்லை. ஒவ்வொரு திட்டத்திலும் 30 வீதம் வரையான இடங்களை வெளிநாட்டவருக்கு வழங்கலாம். அவர்களுக்கும் உள்நாட்டவருக்கும் இடையிலான கட்டண வித்தியாசத்தைப் பல்கலைக்கழகம் தள்ளுபடி செய்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். மின்கல ஆய்வுக்கென 2017 இல் தொடங்கப்பட்ட பரடே நிறுவனம் பல பல்கலைக்கழகங்களை இணைக்கிறது.

அவுஸ்திரேலியா: அரசின் ஆய்வுப் பயிற்சித் திட்டம் கட்டணத்தையும் வாழ்க்கைப்படியையும் தருகிறது. 2025 இல் அடிப்படைப் படி 33,511 டொலர். இன்று உலகில் அதிகம் விற்ற சிலிக்கன் கல வகைகளில் ஒன்றை உருவாக்கிய மார்ட்டின் கிரீன் பணியாற்றும் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் சூரிய மின்னுக்கென்றே தனிப் பொறியியல் பள்ளி இருக்கிறது. முதல் வகுப்பு நான்காண்டுச் சிறப்புப் பட்டம் உள்ளவர்கள் முதுமாணி இல்லாமலும் முயலலாம்.

யப்பான்: மெக்ஸ்ட் புலமைப்பரிசில் கொழும்பிலுள்ள தூதரகம் ஊடாக விண்ணப்பிக்கப்படுகிறது. கலாநிதி மாணவருக்கு மாதம் 145,000 யென், கட்டணம் இல்லை, விமானச் சீட்டும் தருவார்கள். வயது 35 க்குள் இருக்க வேண்டும்.

அமெரிக்கா: ஐந்து ஆண்டுகள் அளவில் ஆகும். நான்காண்டு இளமாணியிலிருந்து நேரே சேரலாம். கற்பித்தல் உதவியாளர், ஆய்வு உதவியாளர் பதவிகள் கட்டணத்தையும் படியையும் தருகின்றன. விண்ணப்பக் கட்டணமே பல்கலைக்கழகத்துக்குப் பல பத்து டொலராகும். பல இடங்களில் கேட்டால் தள்ளுபடி செய்வார்கள். கேளுங்கள்.

சீனாவும் இந்தியாவும்: சீன அரசின் புலமைப்பரிசில் கலாநிதி மாணவருக்கு மாதம் 3,500 யுவான், விடுதியும் கட்டணமும் இலவசம். இந்தியக் கலாசார உறவுகள் பேரவை இலங்கை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இடங்கள் ஒதுக்குகிறது. அம்மாவை விட்டுத் தூரம் போக முடியாதவர்கள் இதை இரண்டாம்தரமாக நினைக்கத் தேவையில்லை.

முதுமாணி இல்லாதவர்களுக்கு

ஐரோப்பாவுக்கு முதலில் முதுமாணியாக வருவது ஒரு வழி. எரஸ்முஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணித் திட்டங்களில் மாதம் 1,400 யூரோ, 24 மாதங்கள் வரை கிடைக்கும். சக்தித் துறைக்கே பல திட்டங்கள் உண்டு. ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் பல்கலைக்கழகம் புதுப்பிக்கத்தக்க சக்திக்கான முதுமாணியை 1987 முதல் நடத்துகிறது. இரண்டு ஆண்டு வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு, வளர்முக நாடுகளுக்கான டாட் திட்டத்தின் ஊடாக அதற்கு நிதி பெறலாம். கிளிநொச்சி பொறியியல் பீடத்தில் படித்துவிட்டு நிறுவனமொன்றில் வேலை செய்பவர்களுக்கு இது நல்ல பொருத்தம்.

ஊரிலேயே செய்யலாமா?

செய்யலாம். யாழ். பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறை நீண்ட காலமாகச் சூரியக் கல ஆய்வில் இருக்கிறது. மேற்கு நோர்வே பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்துடனான கூட்டுத் திட்டத்தில் எமது மாணவர்கள் நோர்வேக்கும் தமிழ்நாட்டுக்கும் போய் ஆய்வு செய்து திரும்பினார்கள். பேராதனையில் உள்ள விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவனமும் கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனமும் திண்ம மின்பகுபொருள், சாயமூட்டிய சூரியக் கலம் ஆகியவற்றில் உலகளவில் அறியப்பட்டவை. தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆய்வுச் சபையும் தரும் மானியங்களில் ஆய்வு உதவியாளர் பதவிகள் வரும். படி குறைவு. ஆனால் ஒரு நல்ல கட்டுரையும் ஒரு நல்ல பரிந்துரைக் கடிதமும் அங்கிருந்து கிடைத்தால் அடுத்த வாசல் திறக்கும். அரச பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்து கற்கை விடுமுறையில் போகிறவர்கள் பிணைமுறியை வாசித்து, பிணை நிற்பவருக்கு அதன் பொருளைச் சொல்லிவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

தொலைந்த ஆவணங்கள், தடைப்பட்ட ஆண்டுகள்

எங்கள் மாணவர்களுக்கு மட்டுமே உள்ள சிக்கல் இது. பலருடைய சான்றிதழ்கள் முள்ளிவாய்க்காலிலோ அதற்கு முந்திய இடப்பெயர்வுகளிலோ போய்விட்டன. சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களம் மீண்டும் வழங்கும். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். பட்டச் சான்றிதழை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதன் பிராந்திய அலுவலகம் இருப்பதால் கொழும்புக்குப் போகாமலும் முடிக்கலாம். இவற்றை விளம்பரம் வந்தபின் தேடாதீர்கள். இன்றே தொடங்குங்கள்.

அடுத்தது பெயர். எமது பெயரில் தந்தையின் பெயர் முன்னால் வரும். சான்றிதழில் முதலெழுத்து மட்டும் இருக்கும். கடவுச்சீட்டில் வேறுவிதமாக இருக்கும். வெளிநாட்டு அலுவலருக்கு இவை இரண்டு ஆட்கள். எல்லா விண்ணப்பங்களிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். வேறுபாடு இருந்தால் சத்தியக்கடதாசி ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

கடினமானது, கல்வியில் விழுந்த இடைவெளி. முல்லைத்தீவைச் சேர்ந்த மாணவி ஒருவர் தன் விண்ணப்பத்தை எனக்கு அனுப்பியிருந்தார். 2008 க்கும் 2010 க்கும் இடையில் ஒன்றுமே இல்லை. “ஏன் எழுதவில்லை?” என்று கேட்டேன். “எழுதினா பரிதாபம் தேடுற மாதிரி இருக்கும் சேர்” என்றார். மறைத்தால் தேர்வுக் குழு தானாக ஒன்றை ஊகிக்கும் என்று சொன்னேன். கடைசியில் அவர் இரண்டே வரிகள் எழுதினார். போரினால் இடம்பெயர்ந்ததாகவும், செட்டிகுளம் முகாமில் இருந்ததாகவும், 2010 இல் மீண்டும் பாடசாலை சென்றதாகவும். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. நேர்முகத்தில் ஒருவர் அதைப் பற்றிக் கேட்டார். அவர் அதே இரண்டு வரிகளைச் சொல்லிவிட்டு ஆய்வுக்குத் திரும்பினார். இன்று வட ஐரோப்பாவில் ஒரு மின்கல ஆய்வுகூடத்தில் இருக்கிறார். அது அவருடைய பன்னிரண்டாவது விண்ணப்பம்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் என் சொந்தத் தவறு. என் முதல் விண்ணப்பத்தில் ஒன்றரைப் பக்கம் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வைப் பற்றி எழுதினேன். மழை, நாவற்குழிப் பாலம், அப்பாவின் சைக்கிளில் ஏற்றிய மூட்டை எல்லாம் இருந்தன. என்ன ஆய்வு செய்யப்போகிறேன் என்பது நான்கு வரி. பதில் மூன்று வரியில் வந்தது: இடமில்லை. அன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்குக் கோபம் வந்தது. பின்னாளில் தேர்வுக் குழுவில் நானே இருந்து இருநூறு விண்ணப்பங்களை வாசித்தபோதுதான் விளங்கியது. அவர்கள் தேடியது மூன்று ஆண்டு தங்களுடன் வேலை செய்யப்போகும் ஒருவரை. நான் அவர்களுக்கு அந்த ஆளைக் காட்டவேயில்லை.

விண்ணப்பம்

விளம்பரமான பதவி என்றால் அதில் கேட்டவற்றை மட்டும், கேட்ட ஒழுங்கில் அனுப்புங்கள். நோக்கக் கடிதம் ஒரு பக்கம்: இந்தத் திட்டத்தின் எந்தக் கேள்வி உங்களை இழுக்கிறது, அதற்கு உங்களிடம் இப்போது என்ன திறன் இருக்கிறது, உங்கள் ஆய்வேட்டில் என்ன செய்தீர்கள். எண்ணோடு சொல்லுங்கள். “சூரியக் கலம் செய்தேன்” என்பதைவிட “எத்தனை கலம் செய்தேன், எவ்வளவு வினைத்திறன், எது பிழைத்தது” என்பது வாசிப்பவரை நிறுத்தும். பிழைத்ததைச் சொல்லப் பயப்பட வேண்டாம்.

பேராசிரியருக்கு நேரே எழுதுவதென்றால் அவருடைய அண்மைய கட்டுரைகள் இரண்டையாவது வாசித்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு வரிக்குள் எழுதுங்கள். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம். பரிந்துரைக் கடிதத்துக்கு விரிவுரையாளரிடம் ஒரு மாதம் முன்பே கேளுங்கள். ஆங்கிலப் பரீட்சை கேட்டால், பட்டம் ஆங்கில மொழிமூலம் என்ற பதிவாளரின் கடிதம் போதுமா என்று முதலில் விசாரியுங்கள். சில இடங்களில் அது போதும். பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் கட்டுரை வெளியிடும் சஞ்சிகைகளை நம்பாதீர்கள். அது விண்ணப்பத்துக்குக் கறை.

நேர்முகம் பெரும்பாலும் காணொளியில் நடக்கும். உங்கள் ஆய்வேட்டைப் பதினைந்து நிமிடத்தில் விளக்கச் சொல்வார்கள். வீட்டில் மின்சாரமோ இணையமோ நம்பிக்கையில்லை என்றால் துறையின் ஓர் அறையைக் கேட்டுப் பெறுங்கள். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி, எப்படித் தேடுவீர்கள் என்று சொல்லுங்கள்.

முகவர்களும் வீட்டாரும்

உண்மையான கலாநிதிப் பதவிக்கு எவரும் உங்களிடம் பணம் வாங்கமாட்டார்கள். “இருபது இலட்சம் தந்தால் ஐரோப்பாவில் பிஎச்டி எடுத்துத் தருவோம்” என்பவரிடம் நகையை அடகுவைத்துக் கொடுத்த குடும்பங்களை நான் அறிவேன். விளம்பரம் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது இல்லை. ஆனால் முதல் மாதச் சம்பளம் வரும்வரை விமானச் சீட்டு, விசாக் கட்டணம், வீட்டு முற்பணம் என்று செலவு இருக்கும். அதற்கு ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கடனாகவேனும் கைகொடுக்கலாம். கோயில் கோபுரத்துக்குச் சேர்க்கும் பணத்தில் மிகச் சிறிய பங்கு போதும்.

கடைசியாக, போகாமல் நின்ற ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வவுனியாவைச் சேர்ந்த மாணவர். நான்காண்டு ஊதியத்துடன் இடம் கிடைத்தது. அவருடைய அண்ணன் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். தாயார் தொடர் போராட்டப் பந்தலில் இருப்பவர். “நான் வெளிக்கிட்டா அம்மாக்கு ரண்டு பிள்ளையும் இல்லாத மாதிரி” என்று எழுதினார். கடிதம் எழுதிப் பதவியை மறுத்துவிட்டார். இப்போது உள்ளூரில் பதிவுசெய்து சிறு மின்வலையமைப்புகள் பற்றி ஆய்வு செய்கிறார். மூன்று மாதம் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போய்வர ஒழுங்குசெய்துகொண்டிருக்கிறோம். அந்த மூன்று மாதத்துக்கு அம்மாவுடன் யார் இருப்பது என்பதுதான் இப்போதைய கேள்வி. ஒரு சித்தி வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

எரஸ்முஸ் முண்டுஸ் விண்ணப்பங்கள் பொதுவாக ஒக்ரோபரில் தொடங்கிப் பெரும்பாலும் ஜனவரியில் முடிகின்றன. நோர்டிக் நாட்டுப் பதவிகள் ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருக்கும். இந்த வாரம் பெறுபேற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டு, ஒரு பக்கத்தில் உங்கள் ஆய்வேட்டை எளிய ஆங்கிலத்தில் எழுதி வையுங்கள். மற்றவை எல்லாம் அந்த ஒரு பக்கத்திலிருந்துதான் தொடங்கும்.